மார்கழிக் குளக்கரையில் கேமராவோடு: கேள்வி பதில்

எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் வீட்டுத் தோட்டத்திலும் பதினெட்டு ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிரம்பி நிற்கும் மார்கழியும் தையும்தான் எனக்கு ஆண்டிலேயே பிடித்த காலம். அந்தக் காலத்துப் படங்களைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, என்னிடம் கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. பறவைப் படம் எடுக்க முடியுமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

தூரத்துப் பறவையின் கண்ணை எடுக்க முடியாது. அதற்காகக் கடன் வாங்கிப் பெரிய லென்ஸ் வாங்காதீர்கள், தம்பி. உங்கள் 18-55 லென்ஸ் ஒரு சாணுக்குச் சற்றே அதிகமான தூரத்திலிருந்தும் ஃபோகஸ் செய்யும். வேலிக் குச்சியில் வெயில் காயும் ஓணான், செம்பருத்தியில் உட்கார்ந்த பட்டாம்பூச்சி, கொய்யா கொறிக்கும் அணில், இவையெல்லாம் உங்களுக்காகவே காத்திருக்கின்றன. பறவைதான் வேண்டுமென்றால் அதன் வீட்டோடு சேர்த்து எடுங்கள். பனிமூட்டம், பனைமர வரிசை, நடுவில் ஒற்றை நாரை. அப்படி ஒரு படத்துக்கு 600 மி.மீ. லென்ஸ் உதவாது. கையில் காசு சேர்ந்த பிறகு, தூரத்தை இழுத்துக் காட்டும் பழைய 70-300 லென்ஸ் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் வாங்குங்கள்.

மீன்கொத்தி தண்ணீரில் பாயும் படத்துக்காக மூன்று வாரமாக அலைகிறேன். ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீர்தான் பதிவாகிறது. (கும்பகோணம்)

பாயும் பறவையைத் துரத்துகிறீர்கள். அதை விட்டுவிட்டு, அது திரும்பி வரும் இடத்தில் காத்திருங்கள். சிறு மீன்கொத்தி இரண்டு மூன்று இருக்கைகளையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா பாருங்கள். எந்தக் குச்சியில் வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கிறதோ அதுதான் அதன் நாற்காலி. மறுநாள் விடிவதற்கு முன்பே, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி உட்கார்ந்துவிடுங்கள். அது வருவதற்கு முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அது இருக்கும்போது நீங்கள் நடந்து போனால், கீச்சென்று ஒரு நீலக் கோடு மட்டுமே மிஞ்சும்.

ஷட்டர் வேகம் 1/2000 விநாடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. ஃபோகஸ் குச்சியின் மேல் நிற்கட்டும். பாய்வதற்கு முன் அது தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரம் பார்க்கும். எச்சமிட்டால் கிளம்பப் போகிறது என்று விரலைத் தயாராக வையுங்கள். மீனோடு திரும்பியதும் குச்சியில் ஓங்கி அடிக்கும், பிறகு அலகிலேயே திருப்பும். மீனின் தலை தொண்டைப் பக்கம் திரும்பினால் தானே விழுங்கப் போகிறது. தலை வெளிப்பக்கம் இருந்தால் இணைக்கோ குஞ்சுக்கோ கொண்டுபோகிறது. கீழ் அலகு செம்மஞ்சளாக இருந்தால் பெண். இதையெல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு, பாய்ச்சல் படம் கிடைக்காத நாளும் வீணான நாளாகத் தோன்றாது.

பாய்ச்சல்தான் வேண்டுமென்றால் கருப்பு வெள்ளை மீன்கொத்தியிடம் போங்கள். அது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பிறகுதான் விழும். உங்களுக்குச் சில விநாடிகள் கிடைக்கும்.

கொக்கை எடுத்தால் சுண்ணாம்பு அடித்த பொம்மை மாதிரி வருகிறது. இறகே தெரியவில்லை. (ஈரோடு)

பின்னால் இருண்ட நாணலும் நிழல் தண்ணீரும் இருப்பதால் கேமரா படம் முழுவதையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது பதிவாகும் வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். வெளிச்சமான வானத்துக்கு எதிரே நீர்க்காகம் என்றால் நேர்மாறாக ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். மார்கழியில் எங்கள் பக்கம் ஆறரை மணிவாக்கில் சூரியன் எழுகிறது. எட்டரை வரை வரும் வெளிச்சத்தில் கொக்கின் வெள்ளை இளமஞ்சளாகக் கனிந்திருக்கும். பத்து மணிக்கு மேல் கொக்கு எடுப்பதை நான் விட்டுவிட்டேன்.

அதிகாலையில் வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்க நீராவி படிகிறது. துடைத்தாலும் மீண்டும் வருகிறது. (சென்னை)

ஏ.சி. அறையில் வைத்த கேமராதானே? குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. துடைக்காதீர்கள். முந்தின இரவே பையை ஏ.சி. இல்லாத அறையில் வையுங்கள். மறந்துவிட்டால், மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே விட்டுவிட்டுத் திறங்கள். மழை மாதங்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது அவசியம்.

எங்கள் மாந்தோப்பில் பல வண்ணப் பறவை ஒன்று தரையில் தத்துகிறது. வாலே இல்லாதது போல இருக்கிறது. இருட்டில் படம் கலங்கிவிடுகிறது, அண்ணா. (திண்டுக்கல்)

கொடுத்து வைத்தவர் நீங்கள். அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் இரட்டைச் சீட்டியாகக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். இந்தியில் நவரங் என்பார்கள்.

சருகைப் புரட்டிப் புழு தேடும். இரண்டு தத்து தத்திவிட்டு ஒரு நொடி சிலையாக நிற்கும். அந்த நொடிக்கு 1/125 போதும். கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். கேமராவைத் தரையோடு தரையாக, அரிசி நிரப்பிய துணிப்பையின் மேல் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். தோப்பில் சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையையாவது விட்டுவையுங்கள். அதன் சாப்பாடு அங்கேதான் இருக்கிறது.

கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் பக்கத்தில் வருமாமே?

வரும். தன் இடத்தைப் பறிக்க இன்னொன்று வந்துவிட்டது என்று பதறி வரும். அவ்வளவு தூரம் பறந்து வந்து இரை தேடும் உயிரை ஒரு படத்துக்காகப் பதற வைக்கக் கூடாது. நான் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள்.

வீட்டில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. குஞ்சுக்கு ஊட்டுவதை எடுக்கலாமா? (பள்ளி ஆசிரியை, விருதுநகர்)

அம்மா, இதற்கு என் கதையையே சொல்கிறேன். தொடங்கிய புதிதில் எங்கள் வீட்டு மாதுளையில் தேன்சிட்டுக் கூடு தொங்கியது. வாசலை ஒரு கிளை மறைத்ததால், அதை நூலால் ஓரமாக இழுத்துக் கட்டினேன். காலை முழுவதும் படம் எடுத்தேன், அருமையாக வந்தது. மதியம் நூலை அவிழ்க்கப் போனபோது கூடு கிழிந்து கிடந்தது. கூட்டைச் சூறையாடும் செண்பகப் பறவை ஒன்று வேலியில் உட்கார்ந்திருந்தது. தாய்ப்பறவை புழுவோடு வந்து, கூடு இருந்த இடத்தில் மாலை வரை சுற்றியது. அந்தப் படங்களை யாருக்கும் காட்டியதில்லை. சன்னலுக்குள் இருந்தபடி, எதையும் நகர்த்தாமல், பறவை உங்களைக் கவனிக்காத தூரத்தில் எடுக்க முடிந்தால் எடுங்கள். வாயில் இரையோடு கூட்டுக்குப் போகாமல் தயங்குகிறது என்றால் உடனே விலகிவிடுங்கள்.

நம் ஊரில் குளிர்காலம்தான் பல நீர்ப்பறவைகளுக்குப் பிள்ளை வளர்க்கும் காலம். ஏரி நிரம்பி மீன் பெருகும்போது வேடந்தாங்கலின் நீர்க்கடம்பு மரங்களில் கூடுகள் நெருக்கியடிக்கும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுத்ததில் நூறில் ஒரு பங்கையாவது நாம் விட்டுக்கொடுக்கலாம்.

தட்டான் மேல் பனித்துளி இருக்கும் படத்துக்குத் தண்ணீர் தெளிக்கலாமா? (சேலம்)

தேவையே இல்லை. விடியும் முன் குளத்தங்கரைப் புல்லில் தேடுங்கள். உடல் சூடாகும் வரை தட்டானால் பறக்க முடியாது, சிறகெங்கும் துளி கோத்திருக்கும். சிறகு முழுவதும் ஃபோகஸில் வர, கேமராவின் பின்பக்கம் சிறகுக்கு நேர் இணையாக இருக்கும்படி பிடியுங்கள்.

தரையில் படுத்து எடுக்கச் சொல்கிறீர்கள். பாம்பு பயமாக இருக்கிறது. (தஞ்சாவூர்)

பயம் நியாயமானது. கண்ணாடி விரியன் இரவில் திரிவதுதான் வழக்கம் என்றாலும் குளிர் நாட்களில் பகலிலும் புல்லோரம் கிடக்கும். படுக்கும் இடத்தைக் கழியால் தட்டிப் பாருங்கள், தார்ப்பாய் விரியுங்கள், முழங்கால் வரை காலணி போடுங்கள். வரப்பில் இருட்டோடு போவதென்றால் கையில் டார்ச் கட்டாயம்.

ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் சலிக்காதா, அண்ணா? கூந்தன்குளம், பள்ளிக்கரணை என்று போகலாமே?

போங்கள், நானும் போயிருக்கிறேன். கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துக் கூட்டம் இறங்குவதைப் பார்த்த காலையை மறக்க முடியாது. ஆனால் எங்கள் ஏரியின் மதகடிக் கல்லில் ஒரு மடையான் கொக்கு நிற்கிறது. மார்கழியில் அது மண்ணோடு மண்ணாகப் பழுப்புக் கீற்றுகளோடு இருக்கும், பக்கத்தில் போகும் வரை கண்ணுக்கே தெரியாது. வெயில் ஏற ஏற, கோடைக்குள் முதுகு கருஞ்சிவப்பாக மாறிவிடும். போன ஆண்டு வாரம் ஒரு படமாக, அதே கல், அதே கோணத்தில் எடுத்தேன். முதல் மாதம் என்னைக் கண்டால் நாற்பது அடியில் எழும்பிவிடும். மாசியில் நான் பன்னிரண்டு அடியில் உட்கார்ந்திருக்க, அது தவளை பிடித்துக்கொண்டிருந்தது.