மாரியில் களப்புக்கு இரை எங்கிருந்து வருகிறது? வன்னிக் கடலோரம் பற்றிய கேள்வி பதில்

முல்லைத்தீவிலிருந்து: அக்கா, மாரி தொடங்கினதும் நந்திக்கடல் தண்ணீர் வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு வருகிறதே, அது அழுக்கா, சத்தா?

பெரும்பகுதி காட்டிலிருந்து வருவது, தம்பி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேராறு இலைச்சருகையும் வயல் மண்ணையும் இழுத்துவந்து களப்பில் சேர்க்கிறது. சருகு ஊறிக் கரைந்ததுதான் அந்த நிறம். ஆனால் நிறத்தைப் பார்த்து இறாலுக்கு நல்ல இரை வந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. சருகில் லிக்னின் என்ற கடினமான மரச்சத்து அதிகம், லேசில் செமிக்காது. பற்றீரியாவும் பூஞ்சையும் அதில் படர்ந்து உடைத்த பிறகுதான் சிறு உயிர்களுக்கு உணவாகும். கலங்கல் இருக்கும்வரை வெளிச்சமும் உள்ளே போகாது. கலங்கல் படிந்ததும், ஆறு கொண்டுவந்த உரச்சத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் நுண்பாசி பெருகும். இரை உண்மையில் கூடுவது அப்போதுதான் என்பேன்.

பூநகரியிலிருந்து: கோடையில் ஆறு ஓடாதே, அப்போது?

களப்பு தன்னைத்தானே ஊட்டிக்கொள்கிறது. சாதாளை என்ற கடற்புல், கண்டல் இலை, சேற்றின் மேல் படரும் பாசி, இவைதான் இருப்பு. சோளகம் என்ற தென்மேல் காற்று பலமாக அடித்தால் ஆழமில்லாத இடத்தில் அடிச்சேறு கிளம்பும். அன்று எடுக்கும் தண்ணீரில் போன மாரிச் சருகும் கலந்திருக்கலாம்.

கிளிநொச்சி மாணவி: எல்லாம் கலந்தபின் எது எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நல்ல கேள்வி, தங்கச்சி. தண்ணீரைக் கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, சிப்பித்தூளின் காபன் கலக்காதபடி அமிலம் காட்டி, காபனின் பாரமான வகையான காபன்-13 எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதை ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்று சொல்வார்கள். காட்டு மரமும் நெல்லும் ஆயிரத்துக்கு −26 முதல் −30 வரை நிற்கும். கடலின் நுண்பாசி −18 முதல் −22 வரை. சாதாளை −10 பக்கம். கூடவே காபன், நைதரசன் விகிதம். நுண்பாசியில் 6, 7 அளவில் இருக்கும். சருகில் பெரும்பாலும் 20ஐத் தாண்டும். ஒரு சிக்கல்: கண்டல் இலையும் காட்டு இலையும் காபன்-13 இல் ஒன்றுபோலவே தெரியும். ஆற்று நீரின் நுண்பாசியும் அந்தப் பக்கம் சாயும். அதனால் ஒரேயொரு எண்ணை வைத்து "இது காட்டுச் சருகு" என்று எழுதினால் நான் ஏற்கமாட்டேன். லிக்னின், கொழுப்பமிலம் போன்ற இன்னொரு சாட்சியும் வேண்டும்.

கொக்கிளாயிலிருந்து: முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தால் என்ன?

சேர்ந்ததெல்லாம் உள்ளேயே அழுகும். அழுகலுக்கு ஒட்சிசன் வேண்டும். சூடான நீரிலோ அது குறைவாகத்தான் கரையும். இரவில் பாசியும் மூச்சுவிடுவதால் விடியப்புறம் மிக மோசம், மீன் சாகலாம். திறந்தால் மாரிச் சரக்கு கரைக்கடலுக்குப் போகும், கடல் நுண்பாசி உள்ளே வரும்.

அதே மாணவி: மாதிரி எப்போது எடுக்கலாம்?

முதல் வெள்ளத்தில், கலங்கல் தெளிந்தபின், கடுங்கோடையில் என்று மூன்று தடவையாவது எடுங்கள். ஆற்று வாய், நடுக்களப்பு, முகத்துவாரம் மூன்றிலும் உப்புத்தன்மையையும் அளந்து குறித்து வையுங்கள்.