முளைப்பாரியும் ஒப்பாரியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு நிகழ்த்துகலை தயாரிக்கிறோம். எங்களில் நான்கு பேர் கணவரையோ பிள்ளையையோ இழந்தவர்கள். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றின் வளவை (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்) தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முளைப்பாரி எடுத்து, நடுவில் ஒப்பாரி பாடி, 40 நிமிடத்தில் முடிக்கலாம் என்று எண்ணம். ஒத்திகையில் இரண்டு பேர் அழுது உட்கார்ந்துவிட்டார்கள். தொடரலாமா?

வாசகி, காரைக்குடி

அன்புள்ள தோழிக்கு,

தொடருங்கள். ஆனால் துக்கத்தை யாரும் நடித்துக் காட்ட வேண்டாம். கைக்கு வேலை கொடுங்கள். ஊறவைப்பது, இருட்டில் காப்பது, சுமப்பது, கும்மி கொட்டுவது, வளர்த்ததைத் தன் கையாலேயே நீரில் விடுவது என்று முளைப்பாரியில் எல்லாமே இருக்கிறது. வசனம் தேவையில்லை. மங்கல காரியம் என்றால் கணவரை இழந்தவரைப் பின்னால் நிறுத்தும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆகவே முதல் சட்டியை அவர்களே தூக்கட்டும்.

விதைப்பை 9 நாள் முன்னால் வையுங்கள். பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சையை முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் கல்லாகவே கிடப்பதைப் பொறுக்கி எறியுங்கள். அடியில் ஓட்டை போட்ட சட்டியில் வைக்கோல், கண்மாய் வண்டல், அதன்மேல் காய்ந்து பொடித்த சாண எரு. தண்ணீரைத் தெளிக்க மட்டும் வேண்டும். ஊற்றினால் விதை அழுகி வாடையடிக்கும், பூஞ்சை பிடிக்கும். இருட்டறையில் பச்சையம் பிடிக்காமல் பயிர் வெளிர் மஞ்சளாக நெட்டையாக வளரும். தண்டில் வலு இராது, வெயிலில் எடுத்தால் துவண்டுவிடும். மாலை வெயில் தாழ்ந்தபின் எடுங்கள். வாழைநாரால் தளர்வாக ஒரு சுற்றுக் கட்டுங்கள்.

முக்கியமான ஒன்று. இவருக்கு இந்தச் சட்டி என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். பாரி சரியாக முளைக்காவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்கிற ஊர் நம் ஊர். ஏற்கெனவே நொந்திருப்பவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். எல்லோரும் சேர்ந்து விதையுங்கள், இரண்டு சட்டி கூடுதலாகவே வளருங்கள்.

ஈர மண்ணோடு சட்டி கனக்கும். சும்மாடு வைத்து, தண்ணீர்க் குடத்தோடு ஒத்திகை பாருங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் பட்டால் வெறுங்கால் வழுக்கும். கும்மியை வானம் பார்த்த முற்றத்தோடு நிறுத்துங்கள். தாழ்வாரத்தில் ஏறுமிடத்தில் கோணிச் சாக்கை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். சுண்ணாம்புச் சுவரும் கல்தரையும் குரலை எதிரொலிக்கும், வேகமாகப் பாடினால் சொல் குழையும். பாட்டை மெதுவாக்குங்கள், மைக் வேண்டாம்.

ஒப்பாரியை வளவுக்குள் வைக்காதீர்கள். கல்யாணம் நடக்கிற இடம் அது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி கேட்டால் வீட்டுக்காரர் மனசு கசக்கும், அந்தக் கசப்பும் நியாயமே. ராகத்தில் தாலாட்டு அதற்கு நெருங்கிய உறவு. வீட்டுக்குள் தாலாட்டு, வெளியே கண்மாய்க் கரையில் ஒப்பாரி என்று பிரித்துக்கொள்ளலாம்.

அழுதவர்கள் விலக வேண்டியதில்லை. ஒப்பாரியில் தோள்மேல் கைபோட்டு வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி உடைந்தால் பக்கத்தவள் அடியை வாங்கிப் பாடுவாள். அதையே செய்யுங்கள்: ஒவ்வொரு அடியும் இரண்டு பேருக்காவது பாடமாக இருக்கட்டும். ஒத்திகையில் இறந்தவரின் உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டாம். இழப்பு நடந்து ஓராண்டுகூட ஆகாதவருக்குப் பாட்டைவிடச் சுமக்கிற வேலை நல்லது. தலையில் கனம் இருந்தால் கவனம் காலடியில் நிற்கும். ஒத்திகை முடிந்த கையோடு அனுப்பிவிடாமல், சுக்குக் காப்பி கொடுத்துச் சற்றுநேரம் உட்காரவையுங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாதவருக்கு ஒத்திகை மருந்தாகாது. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

பாரியை ஊருணியில் கரைக்காதீர்கள், குடிக்கிற தண்ணீரில் எரு கலந்துவிடும். கண்மாய்தான் சரி. கோடையில் நீர் குறைந்திருந்தால் பயிரை மட்டும் பிடுங்கி நீரில் விட்டு, மண்ணைக் கரையில் கொட்டிச் சட்டிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் முன்னாலேயே போய்த் தண்ணீர் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அன்புடன்