கைடு பதில் போடவில்லை, தூக்கமும் வரவில்லை

வணக்கமுங்க. பிஎச்டி மூன்றாம் வருடம், அனுப்பிய அத்தியாயத்தைக் கைடு நாலு மாசமாகப் பார்க்கவில்லை, ராத்திரி மூணு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, விட்டுவிட்டு ஈரோட்டுக்கே போய்விடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் முடிவு செய்யாதீங்க. முதலில் தூக்கம்: 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நானும் வடவள்ளி பேக்கரி ஒன்றில் ஆறிப்போன டீக்கு முன்னால் உட்கார்ந்து அழுதவள், அதனால்தான் சொல்கிறேன். அப்புறம், யூஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் வேலையைக் காட்ட வேண்டுமில்லையா, அங்கே அந்த அத்தியாயத்தை வையுங்கள், மெயில்களையும் தேதியோடு கையில் வைத்துக்கொண்டு, புகாராக இல்லாமல் கருத்துக் கேட்பதுபோல. இந்த ஞாயிறு ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வாங்க.