பிப்ரவரியில் பிறந்தவருக்குச் சீன ராசி எது?

பினாங்கில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “தஞ்சாவூரில் 1988 பிப்ரவரி 10 அன்று பிறந்தேன். சீன ராசி விலங்கு பொறித்த பச்சைக்கல் பதக்கம் வாங்க ஆசை. 1988 என்றால் டிராகன் என்கிறார் கடைக்காரர். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவோ முயல் என்கிறார். எதை வாங்குவது?”

முயலையே வாங்குங்கள். சீன வருடம் ஜனவரி 1-ல் பிறப்பதில்லை. ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும் ஓர் அமாவாசை நாளில் பிறக்கிறது. 1988-ல் அது பிப்ரவரி 17. நீங்கள் ஒரு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டீர்கள். 1987 ஜனவரி 29-ல் தொடங்கிய முயல் வருடம் அப்போது இன்னும் முடியவில்லை.

நம் ராசி, பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடத்தைப் பொறுத்தது. இரண்டேகால் நாளுக்கு ஒருமுறை மாறிவிடும். சீன விலங்கு அப்படியல்ல, அந்த வருடம் முழுக்கப் பிறந்த எல்லோருக்கும் அதுதான். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று 12 வருடங்கள் சுற்றி வரும். வியட்நாமில் முயலுக்குப் பதில் பூனை.

இதோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து தத்துவங்களும் சேர்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்தடுத்து இரண்டு வருடம் நிற்கும். அதனால் அதே விலங்கு அதே தத்துவத்தோடு திரும்பி வர 60 வருடம் ஆகும். உங்களுடையது நெருப்பு முயல், அடுத்தது 2047-ல்தான். நம்மிடமும் அறுபது வருடச் சுழற்சி இருக்கிறதே! நீங்கள் பிறந்தபோது இங்கே பிரபவ வருடம், அதாவது நம் சுழற்சியின் முதல் வருடம். சீனர்களின் சுழற்சி 1984-லேயே தொடங்கிவிட்டது. இரண்டையுமே வியாழன் வானைச் சுற்றிவர எடுக்கும் ஏறத்தாழ 12 வருடத்தோடு தொடர்புபடுத்துவார்கள். இந்த ஒற்றுமையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

சரி, கடைக்காரர் சொன்னது முழுத் தவறா? பாட்ஸி என்ற சீன ஜாதகம் கணிப்பவர்களில் பெரும்பாலோர் அமாவாசையைப் பார்ப்பதில்லை. சூரியனை வைத்து, பிப்ரவரி 4-ஐ ஒட்டி வரும் லிச்சுன் நாளில் வருடத்தை மாற்றுவார்கள். அந்தக் கணக்கில் நீங்கள் மண் டிராகன்தான். ஆனால் பதக்கம், புத்தாண்டு வாழ்த்து போன்றவற்றுக்குப் பொதுமக்கள் பார்ப்பது புத்தாண்டுத் தேதியைத்தான். தன் விலங்கின் வருடம் திரும்பி வரும்போது கவனமாக இருக்க வேண்டும் என்று சிவப்பு அணிவதும் அப்படியே. உங்களுக்கு அது 2035.

பின்னால் பாட்ஸி பார்க்கத் தோன்றினால், பிறந்த நேரத்தை இந்திய நேரமாகவே கொடுங்கள். அதில் ஒரு நாளை இரண்டிரண்டு மணி நேரமாக 12 பங்கு போடுகிறார்கள். மலேசிய நேரத்துக்கு மாற்றினால் இரண்டரை மணி நேரம் கூடும். உங்கள் பங்கே மாறிவிடும்.