குட்டி வில் யாரை ஏமாற்றியது?

கேள்வி: மரமே முளைக்காத பனிநாட்டில் இனுயிட் மக்கள் எப்படி வில் செய்திருக்க முடியும்? அருங்காட்சியகங்களில் இருக்கும் சாண் நீள வில்கள் வெள்ளைக்காரர்களிடம் விற்று ஏமாற்றச் செய்த போலிகள்தானே?

பதில்: முளைக்காவிட்டால் என்ன, மிதந்து வருகிறதே! ஆறுகள் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கட்டைகள் ஆர்க்டிக் கரைகளில் ஒதுங்கும். அதுவும் அரிதான நடுக் கனடாவின் வடகரைப் பக்கம் கரிபூ மான் கொம்புத் துண்டுகளை இணைத்தே வில் செய்தார்கள்.

இரண்டுமே அதிகம் வளைத்தால் படக்கென்று ஒடிகிற சரக்கு. அதனால் கரிபூவின் தசைநாரைக் கயிறாகப் பின்னி, வில்லின் முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறத்தில், நுனிக்கு நுனி பல முறை ஓட்டி, ஆங்காங்கே முடிச்சுப் போட்டு இறுக்கினார்கள். சின்ன எலும்புக் குச்சியை உள்ளே செருகித் திருகினால் கயிறு முறுக்கேறும். நாணை இழுக்கும்போது பளுவை நார் வாங்கிக்கொள்ளும், கட்டை பிழைக்கும். துருக்கியர் நாரைப் பசை போட்டு ஒட்டினார்கள், இவர்கள் கட்டினார்கள். தளர்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளலாம். இதைவிடக் கெட்டிக்கார வேலை எனக்குத் தெரிந்து குறைவு.

சரி, 'போலி'க்கு வருவோம். ஏமாற்று என்றால் ஏமாந்தவர் ஒருவர் வேண்டுமே? திமிங்கல வேட்டைக் கப்பல்காரர்களும் கனடாவின் கிழக்குக் கரையான லாப்ரடாரில் இருந்த மொராவியன் என்ற கிறிஸ்தவச் சபையின் மிஷனரிகளும் இப்படிப்பட்ட பொருள்களை விரும்பி வாங்கினார்கள். முழு கயாக் படகைப் பெட்டியில் அடைக்க முடியாது. ஆகவே குட்டிக் கயாக், குட்டிச் சறுக்குவண்டி, குட்டி வில். சாண் நீள வில்லால் கரிபூவை வீழ்த்தலாம் என்று எந்த மாலுமி நம்பியிருப்பான்?

குட்டி வில் வியாபாரத்துக்காகப் பிறந்ததும் இல்லை. ஐரோப்பியர் கால் வைப்பதற்கு முந்தைய, இனுயிட்டுகளின் முன்னோரான தூலே மக்களின் குடியிருப்புகளிலேயே பிள்ளைகளின் விளையாட்டு வில்கள் கிடைத்திருக்கின்றன. 1881 முதல் 1883 வரை அலாஸ்காவின் பாயின்ட் பாரோவில் தங்கியிருந்த அமெரிக்க ஆய்வாளர் ஜான் மர்டாக், தான் சேகரித்தவற்றில் விற்பனைக்கென்றே செய்யப்பட்டவை இவை என்று ஒளிக்காமல் எழுதி வைத்தார். அதற்குள் பெரியவர்கள் கையில் துப்பாக்கி ஏறியிருந்தது. வேட்டைக்கு வேண்டாத பொருளின் செய்நேர்த்தியை விலைக்காவது சிலர் செய்து காட்டினார்கள் என்றால், அதில் உங்களுக்கு என்ன கோபம்?

அடுத்த முறை அப்படி ஒன்றைப் பார்த்தால் அதன் முதுகைக் கவனியுங்கள். பின்னல் கயிறும் முடிச்சும் அளவு குறைந்து அப்படியே இருந்தால், செய்தவருக்கு நிஜ வில் தெரியும். வெறும் நாண் மட்டும் என்றால் அவசர வேலை. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.