லேபிளில் இல்லாத பெயர்கள்

கேள்வி: சென்ற இதழில் ஜாஸ் இசைத்தட்டு சேகரிப்பவர்களைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எல்லாம் கைபேசியிலேயே கேட்கக் கிடைக்கும்போது, கீறல் விழுந்த பழைய தட்டுக்குப் பணத்தைக் கொட்டுவது காசுள்ளவர்களின் வீண் ஆசைதானே? வாசித்துவிட்டுச் செத்துப்போன கலைஞனுக்கு அதில் ஒரு பைசாவாவது போகிறதா?
(வாசகர், கோவை)

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். போவதில்லை. ஹாங்க் மோப்ளி என்ற டெனர் சாக்ஸபோன் கலைஞர் 1957-ல் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்த ஒரு தட்டு இருக்கிறது. எண் 1568. அதன் முதல் பதிப்பு இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. மோப்ளியோ நுரையீரல் கெட்டு, வாசிப்பை நிறுத்தி, தங்க நிலையான இடம்கூட இல்லாமல் திண்டாடி, 1986-ல் 55 வயதில் இறந்தார். அந்தத் தட்டை வாங்குபவர் லேபிளில் நிறுவனத்தின் முகவரி எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பார். உள்வட்டத்தில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அதோடு நின்றுவிட்டு, அதில் பியானோ வாசித்த சானி கிளார்க் 31 வயதில் இறந்துபோனார் என்பதைத் தெரிந்துகொள்ளாத ஆளை நானும் சேகரிப்பவர் என்று சொல்லமாட்டேன். அவர் சரக்கு வாங்கி வைப்பவர். இதுவரை நீங்களும் நானும் ஒரே கட்சி.

‘வீண் ஆசை’ என்ற இடத்தில்தான் பிரிகிறோம். கைபேசியில் கிடைக்கிறது என்கிறீர்கள். கைபேசிக்கு அது எங்கிருந்து வந்தது?

1923 ஏப்ரலில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் ஊரில், ரயில் பாதையை ஒட்டியிருந்த ஜெனட் நிறுவனத்தின் பதிவறையில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு வாசித்தது. மைக் வராத காலம். எல்லாரும் ஒரு பெரிய கூம்பைப் பார்த்து நின்று வாசிக்க வேண்டும். 21 வயது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (டிரம்பெட் மாதிரி ஊதும் வாத்தியம்) குருநாதர் ஆலிவரையே அமுக்கிவிடுகிறது என்று அவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள் என்பார் பியானோ வாசித்த லில் ஹார்டின். அந்தத் தட்டின் லேபிளில் குழுவின் பெயர்தான் இருந்தது. வாசித்தவர்களின் பட்டியல் கிடையாது. கிளாரினெட்டில் ஜானி டாட்ஸ், டிரம்ஸில் அவர் தம்பி பேபி டாட்ஸ், டிராம்போனில் ஆனரே டூட்ரே என்று இன்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும் அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டுகளில் பெரும்பாலானவற்றின் கதி இதுதான்: தலைவர் பெயர் இருக்கும், மற்றவர்கள் காற்றோடு போயிருப்பார்கள்.

அந்தப் பெயர்களை மீட்டவர்கள் தட்டு சேகரித்தவர்கள். ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஊதும் விதத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். உயிரோடிருந்த கலைஞர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். பாரிஸில் சார்ல் டெலோனே என்ற 25 வயது இளைஞர் 1936-ல், எந்தத் தட்டில் யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்று திரட்டி ‘ஹாட் டிஸ்கோகிராஃபி’ என்று புத்தகமாகவே போட்டார். அதற்கு எந்த இசை நிறுவனமும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தட்டுகள் பிழைத்ததும் அவர்களால்தான். 78 சுற்றுத் தட்டில் சேரும் அரக்கு பெருமளவு இந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறியது. போர்க்காலத்தில் அது வருவது குறைந்ததும், 1942-ல் அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதிய தட்டு வார்த்தார்கள். (எத்தனை நல்ல பாட்டு அந்த அரைவையில் போயிற்றோ என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.) ஆலிவர் வாசித்த இன்னொரு நிறுவனமான பாரமவுண்டின், தட்டு வார்க்கும் உலோக அச்சுகள் பெரும்பாலும் பழைய உலோகமாகப் போய்விட்டன. அதனால் அந்தக் காலத்துப் பாட்டு பலவற்றுக்கு மூலம் என்று மிஞ்சியிருப்பதே, யாரோ ஒருவர் அமெரிக்கத் தென் மாநிலங்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டி வாங்கி வைத்த தட்டுதான். உங்கள் கைபேசியில் கேட்பதும் அதிலிருந்து எடுத்ததுதான்.

பங்க் ஜான்சன் என்ற டிரம்பெட் கலைஞரின் கதையையும் கேளுங்கள். 1930-களின் கடைசியில், பழைய நியூ ஆர்லியன்ஸ் இசையைப் பற்றிப் புத்தகம் எழுத முனைந்த சில தட்டு சேகரிப்பாளர்கள் லூயிசியானாவின் நியூ ஐபீரியா ஊரில் இவரைக் கண்டுபிடித்தார்கள். பல் போய், டிரம்பெட்டும் இல்லாமல், கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பல்லும் வாத்தியமும் இருந்தால் இன்னும் வாசிப்பேன் என்று கடிதம் எழுதினார். காசு திரட்டினார்கள். கிளாரினெட் மேதை சிட்னி பெஷேயின் அண்ணன் பல் மருத்துவர். அவர் பல்செட் கட்டிக் கொடுத்தார். 1942-ல் பங்க் ஜான்சன் முதன்முதலாக ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்தார். 1949-ல் இறப்பதற்குள் நியூயார்க் வரை போய் வாசித்துவிட்டார். கலைஞனுக்கு ஒரு பைசாவாவது போகிறதா என்று கேட்டீர்களே, இவருக்குப் போயிற்று.

டினா ப்ரூக்ஸுக்குப் போகவில்லை. இவரும் டெனர் சாக்ஸபோன்காரர்தான். சின்ன வயதில் உருவம் சிறியது என்பதால் வந்த செல்லப் பெயர் அது. 1958-லிருந்து 1961 வரை புளூ நோட்டுக்காகத் தன் பெயரில் நான்கு தட்டுக்கு வாசித்தார். வெளிவந்தது ஒன்றே ஒன்று: 1960 ஜூனில் பதிவான ‘ட்ரூ புளூ’. ‘பேக் டு த ட்ராக்ஸ்’ என்ற இன்னொன்றுக்கு 4052 என்று எண் கொடுத்து, விளம்பரமும் செய்துவிட்டு, கிடப்பில் போட்டார்கள். 1961-க்குப் பிறகு அவர் ஒலிப்பதிவே செய்யவில்லை. 1974-ல் 42 வயதில் இறந்தார். பட்டியலில் எண் இருக்கிறதே, தட்டு எங்கே என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சேகரிப்பவர்கள். மைக்கேல் கஸ்கூனா என்ற தயாரிப்பாளர் நிறுவனத்தின் கிடங்கில் இறங்கி நாடாக்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, 1985-ல் தன் மொசைக் நிறுவனத்தின் வழியாக நான்கையும் ஒரே பெட்டியில் வெளியிட்டார். ப்ரூக்ஸ் இறந்து 11 வருஷம் கழித்து.

என்னிடம் இருக்கும் ‘ட்ரூ புளூ’ மறுபதிப்புதான். அசல் வாங்க வசதியில்லை, வாங்கவேண்டும் என்றும் தோன்றியதில்லை. உறையின் பின்பக்கத்தில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன. அது எனக்குப் போதும். கைபேசியில் தேடினால் முன்பக்கப் படமும் தலைவர் பெயரும் வரும், மற்ற நால்வர் கண்ணில் படுவது அரிது. 1923-ன் லேபிள் மாதிரியே மறுபடியும் ஆகிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்: டிரம்பெட் ஃப்ரெடி ஹப்பர்ட், பியானோ டியூக் ஜோர்டன், பாஸ் சாம் ஜோன்ஸ், டிரம்ஸ் ஆர்ட் டெய்லர்.

இதில் ஜோர்டன், ஜாஸ் மேதை சார்லி பார்க்கரோடு வாசித்தவர். 1960-களில் பிழைப்புக்காக நியூயார்க்கில் டாக்சி ஓட்டினார். முதல் பாட்டு ‘குட் ஓல்ட் சோல்’. இன்றிரவு கைபேசியிலேயே போட்டுக் கேளுங்கள், தப்பில்லை. பியானோ தனியாக வரும்போது, அது யார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.