தேக்கு ஊஞ்சலுக்குப் பாலிஷா, பெயிண்ட்டா?

கேள்வி: எங்கள் கூடத்தில் தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல் இருக்கிறது. சூடான காபி டம்ளரை வைத்த இடங்களில் வெள்ளை வட்டங்கள் விழுந்து, பலகை பொலிவிழந்துவிட்டது. ஆசாரி மெலமைன் பூச்சு என்கிறார், கடைக்காரர் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு என்கிறார், மகனோ பழுப்பு எனாமல் அடித்தால் வேலை முடிந்தது என்கிறான். எதைச் செய்வது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: மூவரும் இனிமேல் பூசப்போவதைப் பற்றிப் பேசுகிறார்கள், பலகையின் மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. சங்கிலிக் கொக்கிக்கு அருகே கண்ணில் படாத ஓர் இடத்தில், பாலிஷ் வேலைக்கு விற்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பரப்பு பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு ஏறினால் அது பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் கரையாவிட்டால் எண்ணெய் வார்னிஷோ, மெலமைன், பி.யு. போன்ற இறுகிய பூச்சோ இருக்கலாம்.

நீங்கள் சொல்லும் வெள்ளை வட்டங்களையும் ஊஞ்சலின் வயதையும் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் அது பிரெஞ்சு பாலிஷாகவே இருக்கும். அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது அது. சூடும் ஈரமும் சேர்ந்து தாக்கும்போது படலத்துக்குள் ஈரம் புகுந்து வெளுத்துவிடுகிறது. ஆனால் புதிய பூச்சு பழைய பூச்சைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றிவிடும் என்பதால், முழுவதையும் சுரண்டாமல் பழுதான இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும். ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் அந்த வட்டத்தின் மேல் நிற்காமல் விசிறுவது போல் வருடிப் பாருங்கள். பல வட்டங்கள் அதிலேயே மறையும். துணியை ஒரே இடத்தில் நிறுத்தினால் உள்ள பாலிஷும் கையோடு வந்துவிடும்.

அப்படியும் பலகையைப் புதிதாக்கத்தான் வேண்டுமென்றால், நாள் முழுவதும் உட்கார்ந்து எழுந்து, தலையெண்ணெயும் வியர்வையும் படும் ஊஞ்சலுக்கு நான் பி.யு. பூச்சையே சொல்வேன். மெலமைனும் கெட்டியானதுதான்; ஆனால் அமிலம் கலந்து இறுகச் செய்யும் அந்தப் பூச்சின் ஃபார்மலின் நெடி நாள்கணக்கில் கூடத்தில் நிற்கும். எனாமல் யோசனையை மட்டும் மகனிடமிருந்து அன்போடு வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். பல மரத் துண்டுகளை ஒட்டிச் செய்த சாமானுக்கும், பட்டி வைத்து அடைத்த ஓட்டைகளுக்கும் பெயிண்ட் பேருதவி. நல்ல தேக்கின் ரேகையை மூடுவதற்கு அது தேவையில்லை.

பி.யு. பூசுவதானால் பழைய பாலிஷ் முழுவதும் போக வேண்டும். அரக்கில் உள்ள மெழுகின் மேல் அது சரியாகப் பிடிக்காது. 120, 180, 220 என்று உப்புத்தாளைப் படிப்படியாக மாற்றி, ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே இழுத்த கோடு, பளபளப்பு ஏறிய பிறகுதான் கண்ணில் குத்தும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. பூசுவதற்குச் சற்று முன்பு தின்னர் தோய்த்த துணியால் துடைக்காவிட்டால், பூச்சு சரியாகக் காயாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கும். முதலில் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர், அது காய்ந்ததும் 320 தாளால் லேசான தேய்ப்பு, பிறகு மெல்லிய இரண்டு கோட். இரண்டு டப்பாக்களைக் கலந்து பயன்படுத்தும் வகையானால், ஒரு வேளைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். மீந்தது டப்பாவிலேயே இறுகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: வேப்பமர அலமாரிக்கு வெள்ளை எனாமல் அடித்திருக்கிறோம். மேலே ஒரு கோட் கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடித்தால் நீடித்து உழைக்குமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். எனாமலுக்குத் தன் பளபளப்பும் உறுதியும் உண்டு. எண்ணெய் சார்ந்த கிளியர் எதுவானாலும் நாளடைவில் மஞ்சளாகும். தேக்கில் அது பொன்னிறமாகத் தெரியும், வெள்ளையில் அழுக்காகத் தெரியும். லாக்கர் இன்னும் மோசம். ஒரு முறை நான் எங்கள் வீட்டு ஜன்னல் கதவில், நான்கு நாள் காய்ந்த எனாமலின் மேல் என்.சி. கிளியரை அடித்தேன். கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் பரப்பு முழுவதும் தேரையின் தோல் போலச் சுருங்கி எழும்பியிருந்தது. அதன் தின்னர், அடியில் இருக்கும் எனாமலைக் கிளப்பிவிடுகிறது. பளபளப்பில்லாத வெள்ளையைத் தேர்ந்தெடுத்து அதற்குக் காப்புத் தேவைப்பட்டால் மட்டும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளியரைப் பயன்படுத்துங்கள். அது மஞ்சளாவது மிகக் குறைவு.

கேள்வி: என் அம்மா படுத்திருந்த மரத்தொட்டிலைப் பேரக் குழந்தைக்காகச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன். எந்தப் பெயிண்ட் நல்லது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெயிண்ட் எது என்பதற்கு முன், அந்தச் சுரண்டலைச் சற்று நிறுத்துங்கள். அக்காலத்து மஞ்சள், சிவப்பு, பச்சைப் பெயிண்ட்டுகளில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். வீட்டுப் பெயிண்ட்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் தரையிலும் துணியிலும் படிந்து, தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே குழந்தையும் கர்ப்பிணிகளும் இல்லாத வெளியிடத்தில், ரிமூவர் தடவி இளக்கி, ஈரமாகவே வழித்தெடுத்து, கழிவைப் பையில் கட்டி வைக்க வேண்டும். தீயால் சுட்டு எடுக்கவே கூடாது. பிறகு மரத்துக்குரிய பிரைமரும், டப்பாவில் ஈயம் சேர்க்கப்படவில்லை என்று அச்சிட்ட பெயிண்ட்டும் அடித்து, மூன்று நான்கு வாரம் காற்றாட விடுங்கள். தொட்டுப் பார்த்தால் காய்ந்திருப்பது வேறு, உள்ளே இறுகியிருப்பது வேறு. பல் முளைக்கும் பிள்ளை தொட்டில் விளிம்பைத்தான் முதலில் கடிக்கும்.

கேள்வி: மேற்கு வெயில் படும் வாசல் கதவுக்கு எந்தக் கிளியர் பூசலாம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வெளிப்புறத்துக்கென்றே செய்த, புறஊதாக் கதிரைத் தாங்கும் பி.யு.வைப் பூசுங்கள், உள்வேலைக்கான கிளியர் அந்த வெயிலில் விரைவில் உரியும். எது பூசினாலும் கதவின் மேல், கீழ் விளிம்புகளை மறந்துவிடாதீர்கள். மழைநீர் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. அதைப் பூசக் கதவைக் கீல்களிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் பாலிஷ்காரர் பெரும்பாலும் விட்டுவிடுவார்.